மறுத்த யாப்பும் ஏற்ற பதவியும்

தான் முறையற்றதெனக் கண்டிக்கும் ஓர் அரசியல் யாப்பின் கீழ்ப் பதவி ஏற்பது அறமாகுமா? பிரித்தானியர் ஆட்சிக்கால இந்தியாவில் தேசிய இயக்கம் இவ்வினாவுக்கு ஒரே விடையைக் கூறவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியைப் புகுத்திக் கல்வி, சுகாதாரம் என்பவற்றை இந்திய அமைச்சரிடம் விட்டு, நிதியையும் பொலிஸையும் ஆளுநர் பிடியில் வைத்தது. 1920இல் காங்கிரஸ் அத்தேர்தலையே பகிஷ்கரித்தது.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தை நேரு அடிமைச் சாசனம் என்றார். எனினும் 1937இல் காங்கிரஸ் தேர்தலில் நின்றது. ஜூலையில் பதவியும் ஏற்றது. மார்ச்சில் தில்லி மாநாட்டில் நாட்டின் விடுதலைக்கு உறுதி பூண்டவர்களே, பின்னர்ச் சட்டசபையில் முடிக்கு விசுவாசப் பிரமாணமும் செய்தனர். இது பொய்மை என்பாருமுளர். அக்கூற்று பொருந்தாது. அச்சட்டத்தை எதிர்த்து முடிவுறச் செய்யவே சட்டசபை புகுவதாகத் தேர்தல் விஞ்ஞாபனத்திலேயே அவர்கள் அறிவித்திருந்தனர், ஏமாற்றப்பட்டவர் எவருமிலர்.

மெய்யான இடர் பதவியேற்ற பின்னரே எழுந்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1938இல் கடன்பட்ட உழவர்க்கு நிவாரணச் சட்டம் இயற்றியது. இதனைச் சிறுமைப்படுத்தல் தகாது. தம் கொள்கை மாசுறாதிருத்தற்பொருட்டு உழவனை விடுதலை நாள்வரை காத்திருக்கச் சொல்லும் உரிமை எவர்க்குமில்லை. ஆனால் அதே ஆண்டில், பாடசாலைகளிற் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்தோர்மீது குற்றவியற் சட்டத் திருத்தம் ஏவப்பட்டது. சட்டமறுப்பு இயக்கத்தை ஒடுக்கவென 1932இல் அந்நிய அரசு ஆக்கிய சட்டம் அது! ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர்.

மக்கள் தெரிந்த அமைச்சர் பயன்படுத்துகையில் அதே சட்டம் வேறு தன்மை பெறும் என வாதிடலாம். அவ்வாதம் வலுவற்றதன்று, அந்நியனுக்கில்லாத ஆணை அவர்களுக்கு இருந்தது. ஆயின் காங்கிரஸ் எதிர்த்தது யாதென்பதை அது ஐயத்துக்குரியதாக்கி விடுகின்றது. அதிகாரம் அந்நியர் கையில் இருந்தமையை மட்டுமே எதிர்த்ததாயின் முரண்பாடில்லை. அமைதியான மறியலையே குற்றமாக்கும் அதிகாரத்தை எதிர்த்ததாயின், அவ்வதிகாரம் எவர் கையிலும் தீதேயாகும். 1930களின் மேடைகளில் இவ்விரு எதிர்ப்புக்களும் பிரித்தறிய இயலாதவாறு கலந்தே ஒலித்தன.

1939இல் இந்தியரைக் கலவாது நாட்டைப் போரில் ஈடுபடுத்தியமையை எதிர்த்து அமைச்சரவைகள் விலகின. ஆளுநர்கள் 93ஆம் பிரிவின்படி ஆட்சியைத் தம் கையில் எடுத்தனர். 1950இல் நடைமுறைக்கு வந்த யாப்பின் 356ஆம் உறுப்புரையில் அவ்வதிகாரம் சனாதிபதிக்குரியதாய் மீண்டும் இடம்பெற்றது. நேரு பிரதமராயிருந்த 1959இல், கேரள மக்கள் தெரிவு செய்த அமைச்சரவை அவ்வுறுப்புரையின் கீழேயே பதவி நீக்கப்பட்டது.