பிறக்காதவனுக்கு நாம் கடன்காரர்களா?



இயற்கை வளங்களை நிலையாகப் பேணுவது என்றால் என்ன என்று எந்தப் பல்கலைக்கழக மாணவரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். நம் தேவையை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும், அதே சமயம் அடுத்து வரும் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வரக்கூடாது. 1987இல் புருண்ட்லாண்ட் ஆணையம் தந்த விளக்கத்தின் சாரம் இது. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண்.

அதே மாணவரிடம் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "அடுத்த தலைமுறைக்கு நீ ஏன்பா எதையாவது மிச்சம் வைக்கணும்? அவன் உனக்கு என்ன செஞ்சான்?" இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மனப்பாடம் செய்த விளக்கம் தேர்வு மண்டபத்தோடு முடிந்துவிடும்.

கேள்வி விளையாட்டுக் கேள்வி அல்ல. கடன் என்றால் கொடுத்தவன் ஒருவன் இருக்க வேண்டும். இன்னும் பிறக்காத பிள்ளை நமக்கு எதையும் கொடுத்ததில்லை. நம்மிடம் வந்து கேட்கவும் அதனால் முடியாது. அப்படியென்றால் நாம் செய்வது இரக்கமா, கடமையா? இரக்கம் என்றால் மனம் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். கடமையை அப்படி விட முடியாது.

நம் சமய மரபு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. மனிதன் பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்பது அந்த மரபின் கருத்து. ரிஷிகளுக்கு, தேவர்களுக்கு, பிதிர்களுக்கு. ரிஷிக்கடனைக் கல்வியாலும், தேவக்கடனை வேள்வியாலும், பிதிர்க்கடனைச் சந்ததியாலும் தீர்க்க வேண்டும். கடைசிக் கடனைக் கவனியுங்கள். கொடுத்தவர்கள் முன்னோர்கள். அவர்கள் போய்விட்டார்கள், திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் அந்தக் கடனைப் பின்னால் வருகிறவனிடம் செலுத்துகிறோம். பிறக்காத பிள்ளை நமக்குக் கடன் கொடுத்தவன் அல்லன். நம் கடன் போய்ச் சேர வேண்டிய முகவரி அவன். ஆகவே அவன் நமக்கு என்ன செய்தான் என்ற கேள்வியே இங்கு எழவில்லை.

ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தர்ப்பணம் செய்கிறோம். நீர்க்கடன் என்றே அதற்குப் பெயர். முன்னோருக்கு நீரால் நன்றி சொல்லும் சமூகம், தன் பிள்ளைகளுக்கு நாற்றமடிக்கும் ஆற்றை விட்டுப் போனால் அந்தச் சடங்குக்கு என்ன அர்த்தம்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். "நம்ம தாத்தா பாட்டி காலத்துலதானே காட்டை அழிச்சு ரப்பர் போட்டாங்க?" உண்மைதான். மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறியதில் தமிழர்களின் உழைப்பும் இருந்தது. பிறகு பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆனால் எந்தக் காட்டை அழிப்பது என்ற முடிவு அவர்கள் கையில் இல்லை. கூலிக்கு வந்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அந்த உழைப்பில் பிள்ளைகள் படித்தார்கள், பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை வந்தார்கள். வீட்டைச் சொத்தாக வாங்கிக்கொள்கிறவன், கூரை ஒழுகினால் அதையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறான். தாத்தாவைக் குறை சொல்லிக் கூரையை அப்படியே விட முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. "நான் ஒரு வாளி தண்ணியை மிச்சப்படுத்தி என்ன ஆகப்போகுது? ஆற்றைக் கெடுக்கறது தொழிற்சாலைங்க." 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர், 100க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் ஏற்பட்ட மாசினால் சுங்கை சிலாங்கூரை நம்பியிருந்த நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. தண்ணி லோரிக்காக வாளியோடு காத்திருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அது போதாதென்று, நாட்டில் சுத்திகரிக்கப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கசிவு, திருட்டு போன்ற காரணங்களால் கட்டணக் கணக்குக்கே வராமல் போகிறது.

ஆகவே வாளியை மட்டும் பேசுவது போதாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குழாயை மூடிவிட்டால் என் கடமை தீர்ந்தது என்று நினைப்பதும் ஒரு வகைத் தப்பித்தல்தான். ஆனால் இந்த மறுப்பு நம்மை விடுவிக்கவில்லை, இன்னும் பெரிய வேலையைத்தான் கொடுக்கிறது. இங்கேதான் ரிஷிக்கடன் வருகிறது. வேதியியல் படிப்பவருக்கு அந்த நாற்றம் எதனால் என்று கண்டுபிடிக்கத் தெரியும். சட்டம் படிப்பவருக்கு 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை எடுத்துப் படிக்கத் தெரியும். பொறியியல் படிப்பவருக்குக் குழாய்க் கசிவின் கணக்குப் புரியும். இதெல்லாம் தோட்டத்துப் பாட்டிக்குத் தெரியாது, அவரிடம் யாரும் எதிர்பார்க்கவும் முடியாது. தெரிந்தவனுக்குக் கடன் கூடுதல். பட்டம் வாங்கும்போது அந்தக் கடன் தீர்வதில்லை. அங்கேதான் தவணை ஆரம்பிக்கிறது.

எங்கே ஆரம்பிப்பது? நம் கை எட்டுகிற இடத்தில். திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே மழையைப் பற்றியது. தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுப்பவர்கள் சுங்கை பத்து ஆற்றங்கரையில் நீராடித்தான் புறப்படுகிறார்கள். நமக்கு நீர் புனிதம். அப்படியிருக்க, திருவிழாக்களில் அன்னதானம் முடிந்ததும் பாலிஸ்டைரீன் பெட்டிகளும் பிளாஸ்டிக் கிண்ணங்களும் கால்வாய் ஓரம் குவிந்து கிடப்பதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? அடுத்த மழையில் அவை ஆற்றுக்குத்தான் போகும். அங்கே தொழிற்சாலையைக் கைகாட்ட முடியாது.

கோயில் நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேசுவது சுலபமல்ல. "நேத்துப் பொறந்தவன் எங்களுக்குப் புத்தி சொல்றியா?" என்று கேட்பார்கள். வெறும் குறை சொன்னால் அந்தக் கேள்விக்கு நாம் தகுதியானவர்களே. ஆகவே கணக்கோடு போங்கள். கழுவிப் பயன்படுத்தும் தட்டு எத்தனை வேண்டும், என்ன விலை, எத்தனை வருடத்தில் அந்தச் செலவு ஈடாகும் என்று எழுதிக்கொண்டு போங்கள். "ஐயா, தட்டு கழுவ எங்க மன்றத்துப் பிள்ளைங்க இருபது பேர் வர்றோம்" என்று சொல்லுங்கள். சொன்ன நாளில் இருபது பேரும் போய் நில்லுங்கள்.

தட்டு கழுவும் இடத்தில் தண்ணீரை அளவாகத் திறந்து வையுங்கள். பக்கத்தில் நிற்கும் சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.