பாத்திரம் என்னும் தகுதி

அடுக்களையில் நாம் தேய்த்துக் கவிழ்க்கும் பாத்திரம், 'குடி' என்று பொருள்படும் 'பா' என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. குடிக்க உதவுவது என்பதே முதற்பொருள். பிறகு, கொள்ளும் கலத்தின் பெயர் கொள்ளத் தக்க மனிதனுக்கும் ஆகிவந்தது. கீதையின் 17ஆம் அத்தியாயம் இடம், காலம், பாத்திரம் பார்த்துக் கொடுப்பதைச் சாத்துவிக தானம் என்கிறது. அபாத்திரத்துக்குக் கொடுப்பது தாமசம். 'பாத்திரம் அறிந்து பிச்சை இடு' என்ற நம் பழமொழியும் அந்த வழி வந்ததுதான். ஆனால் கொடுப்பவன் நீதிபதியாகிவிட்டால் அது தானமா, தீர்ப்பா?

மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு காதைக்கே 'பாத்திரம் பெற்ற காதை' என்று பெயர். அங்கே பாத்திரம், அள்ள அள்ளக் குறையாமல் சோறு தரும் அமுதசுரபி. அது கொடுப்பவள் கையில் இருக்கிறது. மணிமேகலைக்கு முன் அதை வைத்திருந்த ஆபுத்திரன், மக்கள், விலங்கு, பறவை என எல்லா உயிர்க்கும் அதிலிருந்து சோறிட்டான். மணிமேகலையோ சிறைக்கோட்டத்துக்குள்ளேயே கொண்டுபோனாள். குற்றவாளிக்குச் சோறிட்டால் குற்றம் வளராதா என்று கேட்கலாம். வாளோ பொன்னோ கொடுக்கும்போது அது நியாயமான கேள்வி. அவற்றை வாங்குபவன் அவற்றால் என்ன செய்வான் என்பது கொடுத்தவனையும் சேரும். சோறு அப்படியல்ல, வயிற்றோடு முடிகிறது. அன்னத்துக்குப் பசித்தவனே பாத்திரம் என்ற வழக்கு வடமொழியிலேயே உண்டு. அதை ஏற்றால் பழமொழி பொய்யாவதில்லை. அறிய வேண்டியது குலத்தையோ நடத்தையையோ அல்ல, பசியை. மழை பெய்து நாடு செழித்துப் பசித்தவர் இல்லாமற்போகவே வேறு நாடு தேடிப் புறப்பட்ட ஆபுத்திரன், ஊட்ட ஆளில்லாத தீவில் தனித்து விடப்பட்டபோது அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விட்டதற்கும் காரணம் இதுவே.