கொட்டகைக்கு ஒரு பாலாலயம்

வீட்டை எடுத்துக் கட்டுகிறோம். கொல்லையில் நிற்கும் மாட்டுக் கொட்டகையையும் பிரித்துவிடலாமா என்று மேஸ்திரி கேட்டார். மாடு போய் வெகுகாலமாயிற்று. மூங்கில் தொட்டாலே உதிர்கிறது. ஆனால் பூவரசுத் தூணில், கயிறு உரசி உரசி, விரல் நுழையும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். மாட்டுப் பொங்கலன்று அம்மா அந்தத் தூணுக்கும் மஞ்சள், குங்குமம் வைப்பாள்.

இடிப்பதே பாவம் என்று நம் சமயம் சொல்லவில்லை. கோயில் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து, தெய்வ சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கோ மரப்பலகையில் எழுதிய உருவத்துக்கோ மாற்றிய பிறகே கடப்பாரையைத் தொடுகிறார்கள். ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கொரு முறை பக்கத்து மனையில் புதிதாக எழுப்பி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்து, பழையதைப் பிரிக்கிறார்கள். கடைசியாக 2013இல் நடந்தது. அந்தப் பழைய மரம் வேறு ஆலயங்களுக்குப் போகிறது.

எங்கள் கொட்டகையில் எழுந்தருளியிருந்தது ஒரு வாயில்லா ஜீவனின் உழைப்பு. பால் விற்ற காசில்தான் நாங்கள் படித்தோம். அதை எந்தக் கும்பத்தில் இறக்குவது? படம் எடுத்து மாட்டினால் போதும் என்கிறான் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்ட கடன் இன்னோர் உயிரின் வயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். ஊர்க் கோசாலைக்கு மாதாமாதம் வைக்கோல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். முதல் வண்டி போய் இறங்கட்டும், பிறகு பிரிக்கலாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்.