அந்துப்பூச்சியும் முதற் சீலமும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தின் முடிவில் நாம் வண்டிப்பெரியாருக்குச் சென்றிருந்தோம். பெரியாற்றங்கரையில் அமைந்த அவ்வூரைச் சூழ எங்கணும் தேயிலை. குமுளிப் பக்கமும், அதற்கு வடக்கே உடும்பன்சோலைப் பக்கமும் செல்லச் செல்ல ஏலக்காடு. அன்பர் ஒருவர் இல்லத்தில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்து அனைவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, ஏலத்தோட்டமொன்றில் மருந்தடிக்கும் வேலை பார்க்கும் நடுவயதினர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எந்த உயிரையும் கொல்லமாட்டேன் என்று ஆறு மணிக்குச் சொல்கிறேன். எட்டு மணிக்கு மருந்துக் குழாயைக் கையில் பிடிக்கிறேன். முதற் சீலம் போனது போகட்டும். சொன்ன சொல் பொய்யாகிறதே, நான்காவது சீலமும் அதனோடு சேர்ந்து போகிறதல்லவா?"

கூடியிருந்தோருள் சிலர் நகைத்தனர். கேட்டவர் நகைக்கவில்லை. "பூச்சிதானே, அதில் என்ன பாவம்?" என்றார் ஒருவர். "அந்த வேலையை விட்டுவிடும்" என்றார் மற்றொருவர். இவ்விரு விடைகளும் நமக்கு உடன்பாடல்ல. முன்னது தர்மத்தைச் சிறுமைப்படுத்துகிறது. பின்னது, கேட்டவருடைய வீட்டில் நாளை உலை வைக்க வேண்டாதவர் வாயிலிருந்து மிக எளிதாக வருகிறது. அன்று நாம் சொன்னது சிறிது. பின்னர் எண்ணிப் பார்த்தது பெரிது. அதனை இங்கு எழுதுகிறோம்.

ஏலத்தைத் தாக்கும் பூச்சிகள் பல. இலைப்பேன் ஒன்று, தண்டையும் சரத்தையும் பிஞ்சுக் காயையும் துளைத்து உட்புகும் புழு மற்றொன்று. இப்புழுவே வளர்ந்து, மஞ்சள் நிறச் சிறகில் கரும்புள்ளிகள் தெளித்த அழகிய அந்துப்பூச்சியாகிறது. பீச் முதலிய பழங்களைத் துளைக்கும் அந்துவும் இதுவும் ஒன்றே என்று நெடுங்காலம் கருதியிருந்தனர். 2018இல்தான் இது தனி இனமென்று தெளிந்து, சகியாத்திரி மலையின் பெயரையே இதற்குச் சூட்டினர். ஆகவே அவ்வன்பர் நாள்தோறும் கொல்லும் உயிர்களுள் ஒன்று, நம் மலைக்கே உரிய பெயரைத் தாங்கியது.

கொலை எது என்பதைப் பழைய உரையாசிரியர்கள் ஐந்து உறுப்புகளாகப் பகுத்துள்ளனர். உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அம்முயற்சியால் உயிர் நீங்குதல் என்பன அவை. ஐந்தும் கூடினால் கொலை முற்றுப்பெறும். இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால், மருந்தடிப்பவர் செயலில் ஐந்தும் இருக்கின்றன; அதை மறைப்பதற்கில்லை. எனினும் கொல்லும் எண்ணம் எங்கே பிறந்தது என்பது ஆராயத்தக்கது. அதற்குமுன், அந்துப்பூச்சியைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்ததை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பெண் அந்து ஒன்றைக் கம்பிக் கூண்டில் அடைத்து வைத்தால், இரவில் எங்கிருந்தோ ஆண் அந்துக்கள் அதைத் தேடி வந்து சேரும். பிரெஞ்சு அறிஞர் ஃபாபர் தம் வீட்டில் இவ்வதிசயத்தைக் கண்டார். ஒரே இரவில் ஏறத்தாழ நாற்பது ஆண்கள் வந்தன. அவற்றை அழைத்தது எது? ஜெர்மானிய இரசாயன விஞ்ஞானி அடால்ஃப் புட்டனான்ட் சுமார் 20 ஆண்டுகள் இதனை ஆராய்ந்தார். ஐந்து இலட்சம் பெண் பட்டு அந்துக்களின் வயிற்று நுனிச் சுரப்பிகளை அறுத்தெடுத்து, அவற்றிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்து, 1959இல் அதன் அமைப்பை வெளியிட்டார். அதற்குப் பாம்பிகோல் என்று பெயர். உடலுக்குள்ளேயே வேலை செய்வது ஹார்மோன். உடலைவிட்டு வெளியேறி, அதே இனத்தைச் சேர்ந்த இன்னோர் உயிரை இயக்குவதற்குப் பெரோமோன் என்னும் பெயரும் அவ்வாண்டிலேயே இடப்பட்டது. பாம்பிகோலின் ஒரே ஒரு மூலக்கூறு ஆண் அந்துவின் உணர்கொம்பில் பட்டாலும் அங்குள்ள நரம்பு துடிக்கிறது. வாசனை பட்டவுடன் அந்து காற்றை எதிர்த்து நகர்கிறது. வாசனை அறுந்தால் இருபுறமும் அலைந்து தேடுகிறது.

ஆசையால் அழிவதற்கு விட்டிலை உவமை காட்டுவது நம் பிரசங்கிகளுக்குப் பழக்கம். நாமும் அப்படிப் பேசியதுண்டு. இவ்வாராய்ச்சியைப் படித்தபின் அவ்வுவமையைக் கூசாமல் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்துவுக்கு வேறு வழியைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஏது? மனிதனுக்கு உண்டு.

ஐந்து இலட்சம் உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற அவ்வறிவு இன்று இரு வழிகளில் பயன்படுகிறது. ஒன்று, இனக்கவர்ச்சிப் பொறி. செயற்கையாகச் செய்த வாசனையை ஒரு சிறு குப்பியில் ஏற்றிப் பொறிக்குள் தொங்கவிடுவர். ஆண் அந்துக்கள் வந்து சிக்கும். இங்கும் கொலையின் உறுப்புகள் ஐந்தும் உள. வஞ்சகமும் கூடவே உளது. மற்றொன்று நுட்பமானது. வயல் முழுவதும் அவ்வாசனையைப் பரப்பிவிட்டால், பெண் இருக்குமிடம் தெரியாமல் ஆண் திகைக்கிறது, இணைசேர்தல் குறைகிறது. பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு எதிராக இம்முறை அமெரிக்காவில் 1978 முதல் அனுமதிக்கப்பட்டது. இதில் செத்த உயிர் எது? பிறவாத முட்டைக்கு உயிர் இல்லை. முதல் உறுப்பே இல்லாதபோது மற்றவை நிற்கமாட்டா. சீலத்தின் அளவுகோலுக்கு இவ்வளவு அருகில் வரும் வேறொரு பயிர்ப் பாதுகாப்பு முறையை நாம் அறியோம். ஆயினும் அந்நாட்டுப் பருத்தி நிலங்களிலிருந்து அப்புழு ஒழிந்ததென்று 2018இல் அறிவிக்கப்பட்டதற்கு இவ்வாசனை மட்டும் காரணமன்று. மலடாக்கப்பட்ட அந்துக்களும், மரபணு மாற்றிய பருத்தியும் உடன் நின்றன.

ஹார்மோனின் கதை வேறு. புழு தோலுரிப்பதற்கு ஒரு ஹார்மோன். அது புழுவாகவே நீடிப்பதற்கு இளமை ஹார்மோன் என்னும் இன்னொன்று. முன்னதில் 25 மில்லிகிராமைப் பெறுவதற்குப் புட்டனான்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை 1954இல் செலவிட்டனர். பின்னதை அமெரிக்கரான கரோல் வில்லியம்ஸ் 1956இல் ஓர் அந்துவிலிருந்து பிரித்தெடுத்தார். தன் சொந்த ஹார்மோனை எதிர்த்து நிற்கப் பூச்சி கற்காது என்று அவர் நம்பினார். அது பிற்காலத்தில் பொய்த்தது. இம்மருந்து தெளித்தால் புழு முதிர்ச்சி பெறாமல் மடியும். பறவைக்கும் மனிதனுக்கும் இதனால் வரும் தீங்கு குறைவு என்பது உண்மை. கொலை என்ற அளவில் நஞ்சுக்கும் இதற்கும் வேற்றுமை காணோம். காலந்தான் சற்று நீள்கிறது.

ஏலக்காட்டுக்குத் திரும்புவோம். புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் மேலே அடிக்கும் மருந்து அதனை எட்டாது. அந்து வெளிப்பட்ட 15 முதல் 20 நாட்களுக்குள், இளம்புழு வெளியே திரியும்போது தெளித்தால்தான் பயன் என்பது ஏல ஆராய்ச்சியாளர் கூறும் ஆலோசனை. ஆனால் பல தோட்டங்களில் அந்துவைப் பார்த்து அடிப்பதில்லை. நாட்காட்டியைப் பார்த்து அடிக்கின்றனர். புழு இருந்தாலும் அடி, இல்லாவிட்டாலும் அடி. இங்கேதான் பொறியின் அருமை தெரிகிறது. நாலைந்து பொறிகளில் எத்தனை அந்து விழுந்தன என்று எண்ணுவதற்காவது அதனைப் பயன்படுத்தினால், அந்து வராத வாரத்தில் துளைப்பானுக்கென்று மருந்தெடுக்க வேண்டுவதில்லை. ஆணந்து பத்தைக் கொன்று, தேனீயும் சிலந்தியும் தவளையுமாக எண்ணிறந்தவற்றைக் காக்க இயலும். மருந்தடிப்பவருடைய நுரையீரலும் அவற்றுள் ஒன்று. இலைப்பேனைப் பற்றி இப்பொறி ஒன்றும் சொல்லாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கண்மூடித் தெளிப்பது என்ன செய்யும் என்பதற்கு இலங்கைத் தேயிலை மலைகள் சான்று. அங்கே இலைகளைச் சுருட்டிப் பிணைக்கும் ஓர் அந்துப்புழு பெருந்தொல்லை தந்தது. 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொணர்ந்து விட்டனர். அது புழுவை அடக்கிவைத்தது. 1950களில் தண்டு துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்டிரின் என்னும் மருந்தை அடித்தபோது, அக்குளவிகளும் மடிந்தன. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகியது. அடித்தவர் குளவியைக் கொல்ல நினைக்கவில்லை. ஐந்து உறுப்புகளில் மூன்றாவது இல்லாமையால் சீலத்தின்படி அது கொலையாகாமல் போகலாம். அறியாமையை நாம் எளிதில் மன்னித்துக்கொள்கிறோம் என்பதற்கும் அதுவே சான்று.

இனி, அன்பரின் கேள்விக்கு வருவோம். அந்துவைப் பற்றிய வழக்கொன்று நம் விநயத்திலேயே உண்டு. ஆளவி நகரில் பிக்குகள் சிலர் பட்டுச் செய்வோரிடம் சென்று, கூடுகள் பலவற்றைக் கொதிநீரிலிட்டுத் தங்களுக்கும் பட்டுத் தருமாறும், அதனை விரிப்பில் கலந்துகொள்ளப் போவதாகவும் கூறினர். பட்டுக்காரர் மனம் வெதும்பினர். நாங்களோ மனைவி மக்களைக் காக்கும் பொருட்டு இத்தனை சிற்றுயிர்களை வதைக்கும் கதிக்கு ஆளானோம். இவர்களுக்கு என்ன வந்தது என்று முறையிட்டனர். அது பகவானின் செவிக்கு எட்டியது. அவர் கடிந்துரைத்தது பிக்குகளை. விதி வகுத்ததும் பிக்குகளுக்கே. கொதிநீர்ப் பானையின் அருகே நின்றவனை அன்று. பட்டு வேண்டுமென்று கேட்டவனை.

இல்லறத்தார்க்கு விலக்கிய ஐந்து வாணிகங்களுள் நஞ்சு வாணிகமும் ஒன்று. கூலிக்கு மருந்தடிப்பவர் வாணிகர் அல்லர். அந்நஞ்சை விற்பவர் வேறு, வாங்குபவர் வேறு, எட்டு மில்லிமீட்டர் பருமனும் பச்சை நிறமும் கெடாமல், ஒரு துளை கூட இல்லாமல் காய் வேண்டுமென்று கேட்பவர் வேறு. கடைசியாகச் சொன்ன அவர் யார்? பாயசத்தில் ஏலம் மணக்கவில்லையே என்று குறைசொல்லும் நாம்தாம். ஆளவிப் பிக்குகளின் இடத்தில் நாம் அமர்ந்துகொண்டு, பட்டுக்காரரின் இடத்தில் நிற்பவரைப் பார்த்து நகைத்தோம்.

இக்கதையை அன்று அவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்தப் பட்டுக்காரர்களுக்குப் பகவான் என்ன சொன்னார், ஐயா?" என்று கேட்டார். நூலில் அவர்களைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் இல்லை. இல்லை என்றே சொன்னோம். "அப்படியானால் பொறி வைத்து எண்ணலாம் என்று மேஸ்திரியிடம் நீங்கள் ஒருமுறை சொல்லிப் பாருங்களேன், நான் சொன்னால் கேட்கமாட்டார்" என்றார். மறுநாள் காலை அவரோடு நாமும் ஜீப்பில் ஏறினோம்.