மலையிலிருந்து மணப்பாட்டுக்கு



விடுமுறை நெருங்குகிறது. பிள்ளைகளுக்கு இவ்வருஷமாவது கடலைக் காட்ட வேண்டுமென்று உங்களில் சில குடும்பத்தார் ஆசைப்படுகிறீர்கள். நல்ல ஆசைதான். காப்பித் தோட்டத்தையும் மூடுபனியையும் பார்த்தே வளர்ந்த மாரமங்கலத்துப் பிள்ளை, கரை காணாத தண்ணீரை ஒருமுறை பார்க்கட்டும். சர்வேசுரனுடைய வல்லமையைப்பற்றி நான் பிரசங்கத்தில் அரைமணி நேரம் சொல்லுவதை அது அரை நிமிஷத்தில் சொல்லிவிடும். ஆனால் எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டால், சென்னை மெரினா என்கிறீர்கள். அங்கே கடலைவிட ஜனக்கூட்டத்தையே அதிகம் பார்த்துத் திரும்புவீர்கள்.

நான் சொல்லுகிற இடம் மணப்பாடு. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள மீனவர் ஊர். கடலுக்குள் மூக்கை நீட்டினாற்போல ஒரு மணற்குன்று. அதன்மேல் 1581-ல் கட்டப்பட்ட திருச்சிலுவைக் கோயில். புயலில் சிக்கித் தப்பிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பல்தலைவன், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நேர்ச்சையாக அங்கே நாட்டினான் என்பது ஊரார் வழிவழியாய்ச் சொல்லும் செய்தி. குன்றின் கடற்புறச் சரிவில் அர்ச். சவேரியார் தங்கி ஜெபித்த குகை இருக்கிறது. செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாளுக்கு எள் போட்டால் விழாத கூட்டம். மற்ற நாட்களில் காற்றும் அலையும்தான்.

சவேரியார் அந்தக் கரைக்கு வந்தது 1542-ம் ஆண்டு. ஞானஸ்நானம் பெற்றிருந்தும் மந்திரம் சொல்லித்தர ஆளில்லாதிருந்த பரதவ மக்களுக்கு, தமிழறிந்தவர்கள் துணையோடு ஜெபங்களைத் தமிழாக்கி, கையில் மணியடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். இதெல்லாம் நீங்கள் கேட்டதுதான். கேளாத ஒன்றைச் சொல்லுகிறேன்.

1544-ம் ஆண்டு கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள்மேல் வடுகர் படை பாய்ந்தது. ஜனங்கள் கடலிலுள்ள பாறைகளுக்கு ஓடி ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு கடல்வழியாகப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. தண்டு வலித்துப் பார்த்தும் முனையை எட்ட முடியாமல், மணப்பாட்டுக்கே திரும்பி வந்தார். ஜூன் 16-ல் அங்கிருந்து எழுதிய கடிதத்தில், காற்று தணிந்தால் மறுபடியும் போவேன் என்கிறார்.

இதைப் பிள்ளைகளை அந்த மணலில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அர்ச்சியசிஷ்டவர்களைப்பற்றி நாம் புதுமைகளை மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். அவர் கேட்டபோது சர்வேசுரன் காற்றை அடக்கவில்லை. தோணிகள் நிறைய அரிசி இருந்தும் பசித்தவனிடம் சேரவில்லை. மழை பொய்த்த வருஷத்திலும் மிளகுக்கு விலை விழுந்த வருஷத்திலும் ஜெபமாலையைக் கீழே வைத்துவிடத் தோன்றுகிற நமக்கு, அந்த ஜூன் மாதத்துச் சவேரியார் மிகவும் நெருங்கிய உறவு.

இனி, போகிற இடத்தில் நடந்துகொள்ள வேண்டிய விதம். கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணாதேயுங்கள். வலை உலர்வதும் வள்ளம் ஏற்றி வைப்பதும் மீன் காய்வதும் அந்த மணலில்தான். நமக்குக் காப்பிக் களம் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. உங்கள் களத்தில் அயலான் செருப்புக் காலோடு நின்று படம் பிடித்தால் பொறுப்பீர்களா? சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மே மாதத்தில் எறியப்படும் பாட்டில்களைப்பற்றி என்னிடம் எத்தனை முறை முறையிட்டிருக்கிறீர்கள்! மாட்டின் காலைக் கிழிக்கிற கண்ணாடித்துண்டு மீனவன் காலையும் கிழிக்கும். பிறர் நமக்குச் செய்யவேண்டுமென்று விரும்புவதை நாம் அவர்களுக்குச் செய்யவேண்டுமென்ற சேசுநாதருடைய கட்டளைக்கு உல்லாசப் பயணத்தில் விலக்கு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமையைப்பற்றியும் ஒரு வார்த்தை. நம் கத்தோலிக்க மீனவர் ஊர்களில் அன்று தொழிலுக்குப் போகிற வழக்கமில்லை. ஒருநாள் வருமானத்தை விட்டுப் பூசைக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் வேன் நிறுத்திவிட்டு, பூசை காணாமல் குளிக்கப்போகிறவன் யாரும் நம் பங்கிலிருந்து வந்தவனாக இருக்கவேண்டாம்.

தாய்மார்கள் கவனியுங்கள். நம் பிள்ளைகளுக்கு ஓடை தெரியும், கடல் தெரியாது. அலை திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும். 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணிக் கரையில் யாத்திரை வந்திருந்தவர்கள் எத்தனையோ பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டபிறகே பிள்ளையைத் தண்ணீரில் விடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவில்லை.

வெறுங்கையோடு போகவேண்டாம். வீட்டுக்கு வீடு ஒரு படி மிளகோ, வறுத்து அரைத்த காப்பித்தூளோ கொண்டுபோங்கள். பேச்சுக் கொடுக்க அது உதவும். திரும்புகையில் பை நிறையக் கருவாடு வந்தாலும் ஆச்சரியமில்லை. போகிற குடும்பத்தார் இரண்டு வாரம் முந்தி என்னிடம் சொன்னால், அவ்வூர்ப் பங்குச் சுவாமியாருக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன்.