தடுப்போரின் கடன்

ஓட்டிசமுடைய குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, அதன் இடுப்பெலும்பிலிருந்து மச்சையை உறிஞ்சியெடுத்து, அதனின்று பிரித்த ஸ்டெம் செல்களை முள்ளந்தண்டின் நீருறைக்குள் ஊசியால் செலுத்தி, அதற்குப் பெருந்தொகை பெற்றுக்கொள்ளும் முறையொன்று இந்திய நகரங்கள் சிலவற்றில் நெடுநாள் சிகிச்சையென்றே நடந்துவந்தது. வைத்தியத்துக்கு இந்தியா செல்வது புதிதல்லாத, கிழக்கிலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலான ஊர்களுக்கு இது அயலார் விவகாரம் அன்று.

இதன் பலனுக்கு ஆதாரம் போதாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2 முதல் 7 வயது வரையிலான 180 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஸ்டெம் செல்கள் அடங்கிய தொப்புள்கொடி இரத்தத்தையும் ஏனையோருக்கு வெற்று மருந்தையும் செலுத்தி, 2020இல் வெளியிட்ட ஆய்வில், சமூக உறவாடலை அளந்த பிரதான அளவுகோலில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2022 டிசெம்பரில் இந்திய தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்க மறுத்தது. 2026 ஜனவரி 30 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கு வெளியே இதனை வழங்கலாகாதெனத் தீர்ப்பளித்தது.

எனினும் பெற்றோர் பக்கத்து நியாயத்தைக் கேளாமல் தீர்ப்புரைத்தல் தர்மமாகாது. ஏழு வயதாகியும் ‘உம்மா’ என்றழையாத பிள்ளைக்காக வளவை விற்கத் துணியும் வாப்பா, நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்னும் பிக்ஹு (இஸ்லாமியச் சட்டவியல்) விதியைத் தன் சார்பில் காட்டக்கூடும். ஆயின், வேறு வழியின்மையும், கைக்கொள்ளும் வழியால் இடர் நீங்குமென்பதற்கு நம்பத்தக்க ஆதாரமும் இருக்கையிலேயே அவ்விதி பொருந்துமாதலாலும், ஒரு தீங்கை மற்றொரு தீங்கால் நீக்கலாகாதென்பதும் அதே சாஸ்திரத்தின் கட்டளையாதலாலும், அவ்வாதம் நிலைபெறுவதில்லை.

குற்றம் அவருடைய ஆசையில் இல்லை; பரிசோதனையை மருந்தென்று விற்பதிலேயே இருக்கிறது. மெய்யான ஆய்வில் செலவைத் தாங்கவேண்டியவர் ஆய்வு செய்பவரே, தோல்வியும் பதிவாகவேண்டும். விற்பனையிலோ செலவு குடும்பத்தின் தலையில் விழுகிறது. தோல்வி சொல்லப்படாமலே மறைகிறது. வயதோடும் பயிற்சியோடும் இயல்பாய் வந்த புதுச்சொல்கூட ஊசியின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வலியை ஏற்பதோ, சம்மதமும் மறுப்பும் சொல்லவியலாத குழந்தை.

ஆதலால் தடை நியாயமே. ஆனால் தடுத்த மாத்திரத்தில் தடுத்தவரின் கடன் தீர்ந்துவிடாது. ஜும்ஆவுக்குப் பின் ஒரு பிள்ளையின் பயணத்துக்காகச் சேரும் ஸதகா, பேச்சுப் பயிற்சியளிப்பவர் ஒருவர் வாரந்தோறும் அவ்வூரிலேயே பல பிள்ளைகளோடு அமர்ந்து பழக்கவும் உதவக்கூடும். இலங்கை அரசும் ஜமாஅத்தும் அத்தகைய ஏற்பாட்டைச் செய்யாது ‘போகாதீர்’ என்று மட்டும் சொல்லுமாயின், ஊசி விற்பவர்க்கு வாடிக்கையாளரைத் தேடிக் கொடுப்பவர்கள் அவர்களேயாவர்.