ஒலித்தட்டில் எஞ்சியது

இறந்தவரின் குரலைக் கேட்பது ஆறுதலா, மயக்கமா? தென்காசிப் பகுதியில் நாம் நிறைவேற்றிய ஓர் அடக்கத் திருப்பலி இக்கேள்வியை நம்முன் வைத்தது. திருப்பலி தொடங்குமுன், இறந்த மூதாட்டியின் மகன் கைப்பேசியோடு நம்மிடம் வந்தார். "சாமி, அம்மா செபமாலை சொன்னது இதுல இருக்கு. ரெண்டு நிமிசந்தான். கோயில்ல போடலாமா?" என்று கேட்டார்.

நாம் மறுத்துவிட்டோம். வழிபாட்டில் செபிக்க வேண்டியவர்கள் கூடியிருக்கும் மக்கள். அவர்கள் இடத்தைக் கருவி எடுத்துக்கொள்ளலாகாது. முறைமை நம் பக்கமே இருந்தது. ஆனால் அதோடு நாம் நிறுத்தவில்லை. "அம்மாவை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கருவிக்குள் தேடுவானேன்?" என்றும் சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

அவ்வாண்டுச் சாரல் காலத்தில் சில நாள் குற்றாலத்தில் தங்கியிருந்தோம். அருகில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் தந்தையின் கிராமபோன் பெட்டியைப் பழுது பார்த்து வைத்திருந்தார். ஒரு மாலைப்பொழுதில் கைப்பிடியைச் சுற்றி, எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டு ஒன்றை அதில் இட்டார். கிட்டப்பா 1906இல் அடுத்த ஊரான செங்கோட்டையில் பிறந்தவர். நாடக மேடைகளை ஆண்டவர். 1933இல், 27ஆம் வயதில் மறைந்தவர். ஆசிரியரும் நாமும் அதற்குப் பின் பிறந்தவர்கள். ஆயினும் அந்தக் குரல் ஓங்கி எழுந்தபோது, ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குள் வந்தது போல இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

பின்னர் அவர், வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய குறுந்தகடு ஒன்றை இயக்கினார். பழைய கிராமபோன் தட்டுகளிலிருந்து எடுத்த வயலின் இசை அது. வயலின் நமக்கு அயலாயினும் அன்னியமன்று. மேனாட்டுக் கருவியான அதைக் கருநாடக இசைக்குப் பழக்கிய பாலுசுவாமி தீட்சிதர், நம் எட்டயபுரம் அரண்மனையில் வித்துவானாக இருந்தவரே.

அன்று ஒலித்தது, பாக் 1720இல் தம் கையால் படியெடுத்து வைத்த வயலின் சொனாட்டாக்களுள் முதலாவதன் ஒரு பகுதி. சொனாட்டா என்பது பல பகுதிகளாக அமைந்த இசைக்கோவை. அதை 1903இல் வாசித்துப் பதிவு செய்தவர் யோசப் யோவாக்கிம். 1844இல், 12 வயதுச் சிறுவனாக, மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த இலண்டனில் வாசித்த அதே கலைஞர். பதிவின்போது அவருக்கு வயது 72.

அக்காலத்தில் ஒலிப்பதிவுக்கு மின்சார ஒலிவாங்கி இல்லை. 1925ஐ ஒட்டியே அது வந்தது. கலைஞர் ஒரு பெரிய கூம்பின் அருகே நின்று வாசிக்க வேண்டும். அவர் எழுப்பிய ஒலியே மென்தகட்டை அசைத்து, ஊசியை நகர்த்தி, மெழுகில் கோடு கிழிக்கும். உச்சத்திலும் அடியிலும் உள்ள ஒலிகளில் பெரும்பகுதி அதில் பதியாது. தட்டின் ஒரு பக்கம் மூன்று அல்லது நான்கு நிமிடமே கொள்ளும். ஆகவே நான்கு பகுதிகள் கொண்ட அந்தச் சொனாட்டாவில், தொடக்கத்து மெல்லிய பகுதி மட்டுமே யோவாக்கிமின் கையால் நமக்குக் கிடைத்தது. பாக் தனி வயலினுக்கு இயற்றிய ஆறு படைப்புகளும் முழுமையாகத் தட்டேற, 1934 முதல் 1936 வரை இளைஞர் மெனூகின் வாசிக்கும் காலம் வரை உலகம் காத்திருந்தது.

இரைச்சலுக்கு நடுவே, மழைக்கு அப்பால் தெரியும் விளக்கைப் போல, அம்முதியவரின் வில்லோசை வந்தது. இன்றைய கலைஞர் ஏறக்குறைய எல்லாச் சுரங்களுக்கும் ஊட்டும் அதிர்வை அவர் அரிதாகவே கையாளுகிறார். அந்தக் கீறல் விழுந்த ஒலி, எழுத்து எதுவும் காட்ட இயலாத ஒன்றை நம் செவிக்குக் காட்டுகிறது.

குருமடத்தில் பயின்ற புனித அகுஸ்தினார் அப்போது நினைவுக்கு வந்தார். தம் 'ஒப்புரவுகள்' நூலின் பதினோராம் பகுதியில் அவர் காலத்தை ஆராயும்போது பாடலையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். ஓர் ஓசை கடந்து போனால்தான் அடுத்தது வரும். கடந்தது நினைவில் தங்கினால்தான் பாடல் பாடலாகும். இசைத்தட்டு இந்த நியதியை மீறவில்லை என்பதை அன்று உணர்ந்தோம். அதுவும் முடிகிறது. அதன் கரகரப்பு, 'இது ஒரு நாள் நிகழ்ந்தது. வாசித்தவர் இப்போது இங்கில்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது மயக்கமன்று, சாட்சியம். அந்த மகன் நம்மிடம் கொண்டுவந்ததும் அத்தகைய சாட்சியமே. நம் மறுப்பு சரியாக இருக்கலாம்; நம் கேள்வி கொடியது.

மறு ஆண்டு அவரே மீண்டும் வந்தார். மகளுக்குத் திருமணம். பழைய பதிவுகளைக் கொடுத்தால், பாட்டி தன் குரலிலேயே பேத்தியைப் பெயர் சொல்லி வாழ்த்துவது போலக் கணினியில் செய்து தருவதாக யாரோ சொல்லியிருந்தார்கள். "செய்யலாமா சாமி?" என்றார்.

இம்முறை உடனே விடை சொல்லவில்லை. யோவாக்கிம் பதியாமல் விட்ட மூன்று பகுதிகளை எண்ணிப் பார்த்தோம். அவருடைய பாணியில் அவற்றையும் இன்று கருவி புனைந்துவிடக் கூடும், இனிமையாகவும் இருக்கலாம். ஆனால் அவை அவர் வாசித்தவை ஆகுமா? பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கடமை, உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் உரியதா? இறந்தவர் மறுத்துப் பேச இயலாதவர். அவர் சொல்லாத சொல்லை, அன்பான சொல்லேயாயினும், அவர் வாயில் வைக்க நமக்கு உரிமையில்லை. எஞ்சியதைப் போற்றுவது அன்பு. எஞ்சாததைப் புனைவது, நம் ஏக்கத்துக்கு அவரைப் பணியாளாக்குவது.

இதை அவரிடம் மெல்லச் சொல்லி, முந்தைய ஆண்டு பேசியதற்கு மன்னிப்பும் கேட்டோம். "அந்த ரெண்டு நிமிசம் இன்னும் இருக்கிறதா?" என்றோம். இருந்தது.

திருமணத்துக்கு முந்திய இரவு அவர்கள் வீட்டில் எல்லாரும் அமர்ந்து அதைக் கேட்டோம். செபத்தின் நடுவே அந்த அம்மா சற்று நிறுத்தி, "ஏட்டி, அடுப்பைப் பாரு" என்று யாரையோ அதட்டினார். வீடே சிரித்தது, மணப்பெண் கண்களைத் துடைத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் பதிவு பாதி மணியில் நின்றது. விட்ட இடத்திலிருந்து நாம் அனைவரும் செபமாலையைத் தொடர்ந்தோம்.